உடைந்த மட்டை பற்றி, நம் கடை வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சொந்த மச்சான். 'தண்டையார்பேட்டை ஸ்போர்ட்ஸ் கடையில் வாங்கின சாஃப்ட்பால் மட்டை ஐந்தே வாரத்தில் விரிசல் விட்டுடுச்சு, எல்லாம் டூப்ளிகேட், அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்' என்கிறது அந்தக் குரல். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சாஃப்ட்பால் என்பது பேஸ்பால் மாதிரியான ஓர் ஆட்டம், இந்தப் பக்கத்தில் அதற்கு மட்டை வைத்திருக்கும் கடை எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மட்டை விரிசல் விட்டது உண்மை. அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. 'டூப்ளிகேட்' என்ற சொல்லைக்கூட வியாபாரத்தில் இருப்பவன் என்று பொறுத்துக்கொள்வேன். 'அப்பா காலத்திலிருந்தே' என்றதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அப்பா கடை போட்டபோது எங்களிடம் இருந்தது கேரம் போர்டும் கால்பந்தும் மட்டும்தான். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஜலந்தரிலிருந்து ஒரு மூட்டை கால்பந்து வந்து இறங்கியது. காற்றடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தையல் பிரிந்தது. அனுப்பியவர்கள் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பாதி விலைக்குக் கொடுத்தால் வியாசர்பாடிப் பையன்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அப்பா அன்று ராத்திரி வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பிளேடால் கீறினார். யாரும் எடுத்துப்போய்த் தைத்து விற்றுவிடக் கூடாதாம். அந்தத் துண்டுகள் ரொம்ப நாள் எங்கள் வீட்டுத் தையல் மிஷினின் காலுக்கடியில் கிடந்தன. அவரைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். சரி, போகட்டும்.

இப்போது மட்டைக்கு வருகிறேன். மகளுக்காக அதை வாங்கிப்போன அம்மா திரும்பக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தபோது நானே எடுத்துப் பார்த்தேன். நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, தலைமுடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. கட்டைவிரலால் அழுத்தினால் பழைய மரக்கட்டில் போலக் கிறீச்சென்றது. கோட்டைச் சுற்றிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த புள்ளி போல வரிசையாக. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தோல் பந்து அப்படிப் புள்ளி வைக்காது. அது பவுலிங் மெஷினில், அதாவது பந்து வீசும் இயந்திரத்தில், போடும் பந்தின் வேலை. மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்குமே, கிரிக்கெட் நெட்டில் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

விசாரித்தால் அதுவேதான். அந்த அம்மாவின் பாப்பா பள்ளி டீமில் ஆடுகிறாள். மண்டலப் போட்டிக்கு முன்னால் கூடுதலாகப் பயிற்சி வேண்டும் என்று கிரிக்கெட் நெட் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, மெஷின் பந்தைக் காம்போசிட் மட்டையால் அடித்திருக்கிறாள். உழைக்கிற பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காம்போசிட் மட்டை அதற்குச் செய்ததல்ல. அது இழைகளை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டிய மட்டை. தோல் பந்து பட்டால் பந்தும் கொஞ்சம் நசுங்கும், மட்டையும் கொஞ்சம் உள்வாங்கும், அடியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். மெஷின் பந்து கெட்டி, அது நசுங்கிக் கொடுக்காது. அடி முழுவதையும் மட்டையே வாங்குகிறது. இழை அடுக்கு உள்ளுக்குள்ளேயே பிரிய ஆரம்பித்து, ஒரு நாள் வெளியே கோடாகத் தெரியும். இப்படி உடைந்தால் கம்பெனிகள் பொதுவாக வாரன்டி தருவதில்லை. பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

மட்டையும் அந்த அரை டஜன் மெஷின் பந்தும் நம் கடையிலேயே, ஒரே பில்லில் போயிருக்கின்றன. அன்று நான் கடையில் இல்லை, கவுன்டரில் இருந்த தம்பி புதுசு. அந்த அம்மாவிடம் பேசி, பாப்பாவுக்குப் போட்டி முடியும்வரை ஓர் அலுமினியம் மட்டை கொடுத்திருக்கிறோம்.

இனி மட்டை கேட்டு வருபவர்களிடம் 'எந்தப் பந்தை அடிக்கப் போகிறீர்கள்' என்றுதான் முதலில் கேட்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம். மெஷின் பந்து என்றால் அலுமினியம் மட்டை. ரொம்ப அடித்தால் அதிலும் பள்ளம் விழும், ஆனால் திடீரென்று கைவிடாது. காம்போசிட்டைத் தோல் பந்துக்கு மட்டும் எடுங்கள். அதையும் வாங்கிய அன்றே மேட்சுக்குக் கொண்டு போகாதீர்கள். பந்தை நிறுத்தி வைத்து அடிப்பதற்கான 'டீ' என்ற கம்பத்தின் மேல் பந்தை வைத்து, ஒவ்வொரு அடிக்கும் மட்டையைக் கால் வட்டம் திருப்பி, 150, 200 அடியாவது மெதுவாக அடித்துப் பழக்க வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது மாதிரிதான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்து எடை. இதில்தான் அப்பாக்கள் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கனமான மட்டை என்றால் பந்து தூரம் போகும் என்று நினைக்கிறார்கள். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. பெண்கள் சாஃப்ட்பாலில் பந்து வீசும் பெண் நிற்பது 43 அடியில். அவ்வளவு பக்கத்திலிருந்து வரும் பந்துக்குக் கனமான மட்டையை வீசி முடிப்பதற்குள் பந்து பின்னால் நிற்கும் கேட்சரிடம் போய்விடும். போன மாதம் எட்டாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பா 26 அவுன்ஸ் மட்டைதான் வேண்டும் என்று நின்றார். அந்த மட்டையை ஒரு கையால் பிடித்து, பக்கவாட்டில் நீட்டி நிற்கும்படி அவளிடம் சொன்னோம். பத்து எண்ணுவதற்குள் நுனி இறங்கிவிட்டது, தோளும் நடுங்கியது. 22 அவுன்ஸைக் கொடுத்தோம், அரை நிமிடம் அசையாமல் நின்றாள். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அப்பா பணத்தை எடுத்தார். நீளத்துக்கு, மட்டையின் அடிக் குமிழை நெஞ்சு நடுவில் வைத்துக் கைகளை முன்னால் நீட்டட்டும். விரல் நுனி மட்டையின் தலையைப் பிடித்தால் அது அவளுடைய மட்டை. விதிப்படி நீளம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பருமன் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பேஸ்பால் மட்டை அதைவிடப் பருமனாக இருக்கலாம், அதைக் கொண்டுபோனால் நடுவர் ஓரமாக வைக்கச் சொல்வார். 'வண்டியில் வைக்க ஒரு பேஸ்பால் மட்டை' என்று கேட்டு வரும் அண்ணன்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது நம்மிடம் இல்லை.

பந்து விஷயத்தில் பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1887இல் சிகாகோவில் ஒரு கிளப்புக்குள் பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிக் கட்டிக் கம்பால் அடித்து விளையாடியதில் தொடங்கியது இந்த ஆட்டம். பாக்ஸிங் பிரியர்களான ராயபுரத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். அன்றைக்கு அது சாஃப்ட்தான். இன்றைய பந்து சுற்றளவில் 12 அங்குலம், எடை 178இலிருந்து 198 கிராம். ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தே 163 கிராமைத் தாண்டாது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு 11 அங்குலப் பந்தில் தொடங்குங்கள். பந்தின் மேல் .47, 375 என்று போட்டிருப்பது விலையல்ல, நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். முதல் எண் பந்து எவ்வளவு துள்ளும் என்பதற்கு. இரண்டாவது எண், பந்தைக் கால் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பதற்கு. அந்த எண் ஏற ஏறப் பந்து கெட்டி, மட்டைக்கும் கைக்கும் அடி அதிகம்.

எண்ணூர், காசிமேடு பக்கத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். காலைப் பனியில் புல்லில் உருண்ட தோல் பந்தை அப்படியே பையில் போட்டுக் கட்டிவிடுகிறீர்கள். ஈரம் குடித்த பந்து கனத்துப்போகும், மட்டைக்கும் ஆகாது, தையலும் இற்றுவிடும். துடைத்து, நிழலில், ஃபேனுக்கடியில் காயவையுங்கள். அடுப்பு மேல் வைத்து ஒருவர் காயவைத்தார், அந்தப் பந்து இப்போது வற்றிய கொய்யா மாதிரி இருக்கிறது.

மைதானம் கிடைக்காதவர்களுக்கு மொட்டை மாடி போதும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒரு டஜன், துணிக்கொடியில் பழைய புடவை ஒன்று. ஆறடி தள்ளிப் பக்கவாட்டில் உட்கார்ந்து அம்மா மெதுவாகத் தூக்கிப் போட்டால் பாப்பா அடிக்கலாம். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு ஒன்றும் ஆகாது. எந்த மட்டையும் உடையாது. இதில் எனக்கு வியாபாரமும் பெரிதாக இல்லை, பாருங்கள்.

நம்மை நம்பி நிற்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த குரூப்பிலேயே 'நாங்கள் ஆறு வருடமாக அங்கேதான் வாங்குகிறோம், ஒரு தையல்கூடப் பிரிந்ததில்லை' என்று எழுதிய எர்ணாவூர் பி.டி. டீச்சருக்கு, மெசேஜைக் கேட்டுவிட்டு நேரே கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் இரண்டு கிரிப் வாங்கிக்கொண்டு போன கொருக்குப்பேட்டை ஆட்டோ அண்ணனுக்கு, மாதத் தவணையை ஒரு நாள் தவறாமல் கொண்டுவந்து தரும் அம்மாக்களுக்கு. உங்கள் பிள்ளைகள் கப்போடு எடுத்த படங்களைத்தான் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம், இன்னும் இடம் இருக்கிறது.

ஒன்றாம் தேதி முதல் அலுமினியம் மட்டைகளுக்கு நூறு, நூற்றைம்பது கூடும். கவர் பிரித்த மட்டையைத் திரும்ப எடுக்க இயலாது.

கடைசியாக, எல்லோரும் கேட்பது மாமா எங்கே என்று. 22 வருடம் நம் கவுன்டரில் நின்று, பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தே மட்டை எடுத்துக் கொடுத்தவர். முழங்கால் வலி, மகள் வீட்டோடு திருவள்ளூர் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அந்த பில் அப்படிப் போயிருக்காது. போனில் பேசினேன், சனிக்கிழமை மட்டும் ரயிலேறி வருவதாகச் சொல்லியிருக்கிறார், மாலை நான்கிலிருந்து எட்டு வரை. அவருக்கு நாற்காலி போட்டுவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பழைய மட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், தட்டிப் பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்,
தண்டையார்பேட்டை