கூடத்து விளக்கு மினுக்குவது பற்றி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கும்பகோணத்து வீட்டில் மறுபடி ஆள் புழங்குவது சந்தோஷம். அம்மாவின் முட்டிவலி இப்போது தேவலையா?

சுவிட்சை அணைத்தும் கூடத்து எல்இடி மினுக்குகிறது என்று எழுதியிருந்தாய். பல்பை மாற்றுவதற்கு முன் வேறொன்றைப் பார். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங்கில் சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் ஒயரில் இல்லாமல் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் இருப்பது உண்டு. அப்படியானால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவர் கதி என்ன?

நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பல்பைக் கழற்றி, சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது ஹோல்டரின் இரண்டு பின்னையும் சோதிக்கச் சொல். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்து ஒயரின் தூண்டலிலேயே அது மங்கலாக எரியும். குண்டு பல்பு போட்ட டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையைத் தெரிந்த நியூட்ரலிலும் வைக்க வேண்டும். நன்றாக எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருக்கிறது. இரண்டு பின்னிலும் எரியாவிட்டால் பெரும்பாலும் சேர்ந்து ஓடும் ஒயர்களின் சிறு கசிவுதான், ஆபத்தில்லை. சுவிட்சில் இன்டிகேட்டர் என்கிற சின்ன விளக்கு இருந்தாலும் எல்இடி இப்படி மினுக்கும்.

எல்லா போர்டிலும் இதே கதை என்றால் மெயினிலேயே பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. அங்கே ஒரு முறை மாற்றினால் போதும். மீட்டருக்கு முந்தைய பகுதி மின்வாரியத்துடையது, அதில் யாரும் கைவைக்க வேண்டாம். கூடத்தில் மட்டும் என்றால் அந்த போர்டில் மாற்ற வேண்டும்.

மெயினில் இன்னொன்றும் கவனி. பழைய போர்டுகளில் நியூட்ரலுக்கும் தனி ஃபியூஸ் கேரியர் இருக்கும். அது போனால் வீடே இருட்டாகிவிடும், ஆனால் ஒயரில் கரண்ட் அப்படியே நிற்கும். கரண்ட் இல்லையென்று நினைத்துத் தொட்டால் ஷாக்தான். அதை எடுத்துவிட்டு, ஃபியூஸ் இல்லாமல் நேராக இணைக்கும் நியூட்ரல் லிங்க் போடச் சொல்.

ஒயரின் உறை ரப்பரா என்று பார். ரப்பரானால் விளக்குச் சூட்டில் ஹோல்டர் பக்கம் காய்ந்து, வளைத்தவுடன் பொடியாக உதிரும். அதற்கு டேப் சுற்றிச் சமாளிக்க முடியாது. முழு லைனையும் 1.5 சதுர மிமீ செம்பு ஒயரில் மாற்று. கூடவே பச்சை எர்த் ஒயரும் ஓடட்டும், பழைய விளக்கு லைனில் அது பெரும்பாலும் இருக்காது. விளக்கு சர்க்யூட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்), மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வை.

டெஸ்ட் லேம்ப் என்ன காட்டியது, உறை ரப்பரா பிவிசி பிளாஸ்டிக்கா என்று எழுது. அதுவரை ஒயர் வாங்காதே. ஹோல்டரில் கைவைக்கும் முன் மெயினை இறக்கச் சொல்லித் தங்கச்சியிடமும் சொல்லிவை.

அன்புடன்,
செல்வம்