சனிக்கிழமை உதைபந்தாட்டம் பார்க்கப் போவோம்

எல்லாருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு எங்கள் ஊர்க் கழகமான ரூட்டிங் அண்ட் மிற்சம் யுனைட்டெட்டின் எஃப்.ஏ. கிண்ணத் (இங்கிலாந்துக் கழகங்களுக்கான போட்டி) தகுதிச் சுற்று ஆட்டம். இடம்: இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானம். குடும்பமாகப் போவோம்.

பெரிய கழகங்களைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும். 1959 ஜனவரியில், இதே கிண்ணத்தின் மூன்றாம் சுற்றில், நாட்டின் பெரிய லீக்கில் இல்லாத இந்தக் கழகம் பெரிய கழகமான நொட்டிங்ஹாம் ஃபொறஸ்ட்டோடு 2-2 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்தில்தான் தோற்றது. அந்த முறை கிண்ணத்தை வென்றதும் ஃபொறஸ்ட்தான்!

1. மிற்சம் ட்ராம் நிறுத்தத்தில் 2.15க்குச் சந்திப்போம். அங்கிருந்து நடை.
2. அவரவர் நுழைவுச்சீட்டை மைதான வாசலில் எடுக்கவும்.
3. குடை வேண்டாம், பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும். மழைச்சட்டை போதும்.
4. கறுப்பு வெள்ளை உடுப்பு இருந்தால் போடுங்கள், கழகத்தின் நிறம் அதுதான்.
5. ஆடுகளத்துக்கு மிக அருகில் நிற்போம். நாங்கள் சொல்வது ஆட்டக்காரர், நடுவர் காதில் அப்படியே விழும். நன்றாகக் கத்தி உற்சாகப்படுத்துவோம், ஆனால் யாரையும் ஏசக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கே பதில் போடுங்கள். அப்புறம், காரில் இடம் உள்ளவர்களும் சொல்லுங்கள். நடக்கச் சிரமப்படும் இரண்டு அம்மாமார் வர ஆசைப்படுகிறார்கள்.