அலமாரியைத் திறந்துவிடுங்கள்: எங்கள் ஊர் நூலகத்தின் நூல் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கும் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

ஹெல்பாய் என்ற படக்கதைத் தொகுதிகள், பெற்றோர் புகாரால், சிறுவர் பிரிவிலிருந்து பூட்டிய அலமாரிக்குப் போன கதையைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகார் கொடுத்த பெற்றோர்மீது எனக்கு வருத்தமும் இல்லை. படம் போட்ட புத்தகமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் என்று முடிவுகட்டி, கொம்பை ஒடித்துக்கொண்ட ஒரு செந்நிற அசுரனைத் தெனாலிராமனுக்குப் பக்கத்தில் அடுக்கியவர்கள் நாம்தான். ஆனால் பெரியவர்கள் பிரிவு என்று ஒரு மாடியே இருக்கும்போது பூட்டு எதற்கு?

சென்ற மாதம் மூன்று சனிக்கிழமைகள் பேருந்து பிடித்து வந்தேன். முதல் வாரம் சாவி வைத்திருப்பவர் விடுப்பு. இரண்டாம் வாரம் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றார்கள். மூன்றாம் வாரம் அனுமதியோடு வந்தேன், அலமாரி திறந்தது, எட்டாம் தொகுதியை ஒட்டிப் பத்தாம் தொகுதி நின்றது. ஒன்பதாவதை வாங்கவே இல்லையாம். மூன்றாவதும் இல்லை. "எல்லாம் பேய்க் கதைதானே சார், எதைப் படித்தாலும் ஒன்றுதான்" என்று ஊழியர் ஆறுதலாகத்தான் சொன்னார். புத்தகத்துக்குப் போட்டிருந்த காக்கி அட்டையிலும் நீல மையில் "பேய்க் கதை 8" என்றுதான் எழுதியிருந்தது.

ஒன்றில்லை ஐயா. அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் மைக் மிக்னோலா 1994-இல் இந்தத் தொடரைத் தொடங்கியபோது வேண்டுமானால் அது பேய்களோடு மல்லுக்கட்டும் கதையாகத் தோன்றியிருக்கலாம். 1944 டிசம்பர் 23 அன்று, இங்கிலாந்தில் இடிந்து கிடந்த ஒரு தேவாலயத்தில், வலக்கை மட்டும் கல்லாக இருக்கும் ஓர் அசுரக் குழந்தை வந்து விழுகிறது. பேராசிரியர் ப்ரூட்டன்ஹோம் அதைத் தன் பிள்ளையாக வளர்க்கிறார். அந்தக் கை உலகத்தை முடித்துவைக்கப் படைக்கப்பட்டது என்பது பின்னால் தெரியவருகிறது. வளர்ந்தவனோ புகை பிடித்துக்கொண்டே, எனக்கு அந்த வேலை வேண்டாம் என்கிறான். நான்காம் தொகுதியில் இரண்டே பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. சிறுவன் ஹெல்பாய், தட்டில் வைத்த பான்கேக்கை வேண்டாம் என்று அடம்பிடித்துவிட்டு, பிறகு ஒரு வாய் தின்று பார்க்கிறான், பிடித்துப்போகிறது. உடனே நரகத்தில் பெரிய ஓலம் எழுகிறது, இனி அவன் நம்மிடம் திரும்ப மாட்டான் என்று. பெற்றவனுக்கும் வளர்த்தவனுக்கும் நடுவிலான வழக்கை ஒரு பலகாரத்தில் முடித்துவிட்ட இந்தப் பக்கங்களையா பூட்டி வைத்திருக்கிறீர்கள்?

தாங்கள் வாங்காமல் விட்ட இரண்டையும் பாருங்கள். மூன்றாம் தொகுதியில்தான் அவனுடைய தாய் வருகிறாள்: சாகும் தறுவாயில் தன் பாவங்களைச் சொல்லி அழும் சூனியக்காரி. பாதிரியாரும் கன்னியாஸ்திரியுமான அவளுடைய பிள்ளைகள் இருவரும் சவப்பெட்டியைச் சங்கிலியால் கட்டிக் காவல் இருக்கிறார்கள். ஹெல்பாயின் தகப்பனான அசுரன் வந்து சங்கிலியை அறுத்து அவளைக் கொண்டுபோகிறான். தான் வந்து விழுந்த அதே தேவாலயத்தில் படுத்து ஹெல்பாய் இதைக் கனவுபோலக் காண்கிறான். ஒன்பதாம் தொகுதியிலோ, அந்தத் தாய்வழியில் அவன் ஆர்தர் மன்னனின் வாரிசு என்று தெரியவருகிறது. கர்ணனுக்குப் பிறப்பைச் சொன்ன நேரம்போல, சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லப்படுகிறது. இவ்விரண்டும் இல்லாமல், 2012-இல் தொடங்கிய, நரகத்தில் நடக்கும் 'ஹெல்பாய் இன் ஹெல்' வரிசையை (அது அலமாரியில் இருக்கிறது!) எடுப்பவருக்கு என்ன புரியும்? அங்கே தகப்பன் அஸ்ஸேல் தண்டனையாகப் பனிக்கட்டியில் உறைந்து நிற்கிறான். குழந்தையின் கையை வெட்டிக் கல் கையைப் பொருத்தியவன் அவனே. அந்தக் கைக்காக ஹெல்பாயின் தமையன்மார் பாய்ந்து வருகிறார்கள். தாயைத் தெரியாதவருக்கு இது வெறும் அடிதடி. அஸ்ஸேல் தோன்றும் பக்கத்தில் நூலக முத்திரை அவன் முகத்தின் மேலேயே குத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இரத்தமும் கொம்பும்தான் பயம் என்றால், சிறுவர் பிரிவில் இன்றும் திறந்தே இருக்கும் படக்கதை மகாபாரதத்தில் பீமன் துச்சாதனனின் மார்பைப் பிளக்கிறான். அண்ணன் தம்பிச் சண்டை நம்முடையது என்றால் காவியம், அயலானுடையது என்றால் பேய்க் கதை போலும். இந்த அளவுகோலில் கோயில் கோபுரத்துப் பூதங்களுக்கும் காக்கி அட்டை போட வேண்டிவரும். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: ஒரே போட்டித் தேர்வு வழிகாட்டியில் பதினோரு பிரதிகளை என் கையால் எண்ணினேன், ஒன்பதாம் தொகுதிக்குத்தான் பணம் இல்லாமல் போயிருக்கிறது.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. வேண்டுவது இவ்வளவுதான்: தொகுதிகளை அலமாரியிலிருந்து விடுவித்துப் பெரியவர்கள் பிரிவில் வரிசை மாறாமல் வையுங்கள், மூன்றையும் ஒன்பதையும் அடுத்த கொள்முதல் பட்டியலில் சேருங்கள். அதுவரை பூட்டு இருந்தே தீரும் என்றால், சாவியாவது சனிக்கிழமைகளில் நூலகத்தில் இருக்கும்படி தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். வரும் சனிக்கிழமையும் வருவேன். அனுமதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர் ஒருவர்