சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள்

பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களின் ஐடி, அட்மின், அக்கவுண்ட்ஸ் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 14 வருடம் உங்கள் சாலையில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை பார்த்தவன் நான். உங்கள் ஸ்டோர் ரூம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சர்வீஸ் லிஃப்டுக்குப் பின்னால், ஏசி எட்டாத ஒரு அறை. ஒரு பக்கம் கால் உடைந்த நாற்காலிகள், இன்னொரு பக்கம் பழைய டெஸ்க் போன்கள், நடுவில் மார்பளவுக்கு அடுக்கிய லேப்டாப்கள். பெரும்பாலும் 3, 4 வருடம் ஓடியவை. ஆடிட் வருகிறது, காலி பண்ணுங்கள் என்று யாராவது மெயில் போடும்வரை அங்கேயே கிடக்கும். அப்புறம் ஒரு நாள் ஏலம் எடுப்பவர் வருவார். பழைய பேப்பரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்த லாட்டுக்கும் ஒரு விலை சொல்வார். வண்டி கிளம்பிவிடும்.

இப்போது சனி, ஞாயிறுகளில் பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறேன். அங்கே ஒரு சின்ன அறக்கட்டளை மாலை டியூஷன் நடத்துகிறது. எனக்கு அங்கே ஸ்க்ரூடிரைவர் வேலை: வருகிற பழைய லேப்டாப்களைத் தேற்றி, பிள்ளைகளின் கையில் கொடுப்பது. உங்களில் சிலர் கொடுத்தவைதான் அந்த மேசையில் இருக்கின்றன. அதற்கு நன்றி, மனதார. ஆனால் இந்த மடலை நன்றி சொல்ல எழுதவில்லை. நீங்கள் கொடுக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

போன தடவை ஒரு நிறுவனத்திலிருந்து 22 லேப்டாப் வந்தது. பேனர் பிடித்து போட்டோ எடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து திறந்து பார்த்தால், 11-இல் எஸ்எஸ்டியே, அதாவது தகவல் சேமிக்கும் டிஸ்க்கே, இல்லை. பாதுகாப்புக்காகக் கழற்றிவிட்டார்களாம். 3-இல் பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் 5 லேப்டாப் ஆன் ஆயின. ஆனால் அந்த நிறுவனத்தின் லோகோவைக் காட்டி, அலுவலக மின்னஞ்சலைக் கொடு என்று கேட்டன. சார்ஜர் மொத்தமே 6, அதில் 2 வேறு மாடலுக்கானவை. அன்றைக்கே ஒரு பிள்ளையிடம் கொடுக்க முடிந்தது 3 லேப்டாப். போட்டோவில் 22.

எஸ்எஸ்டி இல்லாததற்கு எஸ்எஸ்டி, சார்ஜர் இல்லாததற்குச் சார்ஜர் என்று ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஏறி இறங்கினால் ஒரு லேப்டாப்புக்கு 3,000 ரூபாய் சுலபமாகப் போய்விடுகிறது. கழற்றிய அதே எஸ்எஸ்டி உங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு அட்டைப் பெட்டியில், தகவலை அழிக்க யாராவது டிரில் வைத்து ஓட்டை போடுவதற்காகக் காத்திருக்கும்.

ஓட்டை போடுவதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. ஒரு மதியம் முழுக்க, டிரில் மெஷினை வைத்துக்கொண்டு 180 டிஸ்கில் நானே ஓட்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் ஜாலியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தகவல் வெளியே போய்விடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இன்னும் நியாயம். ஆனால் அழிப்பதற்கு உடைப்பது ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? டிஸ்கில் உள்ள தகவலை அழிப்பது பற்றி அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-88 வழிகாட்டியைத்தான் உங்கள் பாலிசி ஆவணமும் சுட்டிக்காட்டும். அந்த வரியை நானே காப்பி பேஸ்ட் செய்திருக்கிறேன். அதில் கிளியர் (சாதாரணமாக அழிப்பது), பர்ஜ் (மீட்கவே முடியாதபடி அழிப்பது), டெஸ்ட்ராய் (உடைத்துவிடுவது) என்று மூன்று வழி இருக்கிறது. நாம் நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறோம். எஸ்எஸ்டிக்குள்ளேயே செக்யூர் எரேஸ், சானிடைஸ் என்று கட்டளைகள் இருக்கின்றன. பல டிரைவ்களில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். முதலிலிருந்தே பிட்லாக்கர் போட்டு, அதாவது தகவலைச் சங்கேதமாக மாற்றிப் பூட்டி, ஓடிய டிஸ்க் என்றால் வேலை இன்னும் சுலபம்: சாவியை அழித்துவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது. எந்த சீரியல் நம்பரை, எந்தத் தேதியில், எந்த முறையில் அழித்தோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் ஆடிட்டருக்கும் கணக்கு ஆயிற்று. சொல்லப்போனால், ஓட்டை போட்ட எஸ்எஸ்டியில் துளை ஒரு பக்கம் போக, மெமரி சிப் இன்னொரு பக்கம் முழுசாக உட்கார்ந்திருப்பதும் உண்டு.

அடுத்தது பூட்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏனென்றால் இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மறந்துபோய்ச் செய்வது. நிறுவன லேப்டாப்களைத் தானாகவே அமைத்துக் கொடுக்கும் விண்டோஸ் ஆட்டோபைலட்டில் ஒரு லேப்டாப்பைச் சேர்த்துவிட்டால் அதன் அடையாளம் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகிவிடும். டிஸ்கையே மாற்றி, புதிதாக விண்டோஸ் போட்டாலும், வைஃபை கிடைத்த உடனே அது உங்கள் நிறுவன லாகின் வாசலில் வந்து நிற்கும். உங்கள் அட்மின் பக்கத்தில் போய் அந்த சீரியல் நம்பரை நீக்கினால்தான் விடுதலை. மேக்புக் என்றாலும் இதே கதை, ஆப்பிள் பிசினஸ் மேனேஜரில் விடுவிக்க வேண்டும். விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டால் ஆட்டோபைலட் தொந்தரவு இல்லை என்று நாங்களும் சமாளிப்போம். ஆனால் லேப்டாப்பைத் துவக்கும் உள் மென்பொருளான பயாஸுக்கே பாஸ்வேர்டு போட்டு, யூஎஸ்பியிலிருந்து துவங்காமல் அடைத்திருந்தால் அந்த வழியும் போச்சு. மேலே சொன்ன 5 லேப்டாப்பும் அப்படித்தான். போன் செய்து கேட்டேன். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார்கள்.

உங்கள் ஸ்டோர் ரூமில் இப்போது குவியல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் 8 ஜிபி ரேமும் நல்ல கீபோர்டும் உள்ள ஏழாம் தலைமுறை லேப்டாப்கூட உங்கள் பட்டியலில் கழிசடை ஆகிவிட்டது. அதே லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட் போட்டு, லிப்ரே ஆபீஸும் பிரவுசரும் கொடுத்தால், எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கிறது: டாலி என்ற கணக்கு மென்பொருள். எங்கள் குடியிருப்பில் பி.காம் முடித்த பெண்கள் நிறையப் பேர். கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வியே டாலி தெரியுமா என்பதுதான், அதற்கு விண்டோஸ் வேண்டும். ஆகவே எட்டாம் தலைமுறையோ அதற்கு மேற்பட்டதோ நாலைந்து கிடைத்தால் அவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பேன். வாங்கும்போதே கூட வந்த விண்டோஸ் உரிமம் பயாஸில் இருக்கும், அதுவே போதும்.

அரசு கொடுக்கிறதே என்று கேட்பீர்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய பள்ளி மாணவர் லேப்டாப் திட்டத்தில் வாங்கிய பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றன. கொரோனா காலத்தோடு அது நின்றது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள், நல்ல விஷயம். ஆனால் எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பிளஸ் டூவோடு நின்றவர்கள், டிகிரி முடித்துக் கல்யாணமாகி வீட்டில் இருப்பவர்கள், இன்னும் பள்ளியில் படிப்பவர்கள். போனில் ரெஸ்யூம் தட்டுகிறார்கள். ஒரு பெண் 2 ஜிபி போனில் ஒரு பக்க விண்ணப்பத்தைத் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அழைப்பு ஒன்று வந்து எல்லாம் போய்விட்டது.

இன்னொன்று, எனக்கே அங்கே போன பிறகுதான் புரிந்தது. ஒரு அம்மாவிடம் அவர் மகளுக்கான லேப்டாப்பைக் கொடுத்தேன். அவர் உங்கள் சாலையில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர், அடியில் ஒட்டியிருந்த அசெட் டேக்கைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி. கம்பெனி ஸ்டிக்கர் இருக்கு. நாளைக்கு யாராவது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" தினமும் வேலை முடிந்து வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டுகிறவர் அவர். நான் வாய் வார்த்தையாகச் சொன்ன எந்தச் சமாதானமும் எடுபடவில்லை. அந்த நிறுவனத்திடம் சீரியல் நம்பரோடு ஒரு கடிதம் வாங்கி, அதை லேமினேட் செய்து கொடுத்தபிறகுதான் வாங்கிக்கொண்டார். டேக்கைத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டிவிட்டோம். ஆகவே, கடிதம் கொடுங்கள். லேப்டாப்புக்கு ஒன்று, லெட்டர்ஹெட்டில், நன்கொடையாகக் கொடுத்தோம் என்று இரண்டு வரி.

அக்கவுண்ட்ஸ் பிரிவினரே, உங்கள் சங்கடமும் தெரியும். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை லேப்டாப்புக்கு 3 ஆண்டுதான் ஆயுள் போட்டிருக்கிறது. வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். அதனால் புத்தகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. ஆனால் சும்மா கொடுத்தாலும் ஜிஎஸ்டியில் அது சப்ளை ஆகலாம், வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரிக் கிரெடிட்டாக எடுத்திருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். காயலான் கடைக்காரரிடம் பில் போட்டு விற்பதே நிம்மதி என்று நீங்கள் நினைப்பது அதனால்தான். சரி. ஆனால் மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா (STPI) திட்டத்தில் பதிவான நிறுவனமாக இருந்தால், இரண்டு ஆண்டு ஓடிய கணினியை அங்கீகாரம் பெற்ற லாப நோக்கற்ற கல்வி நிறுவனத்துக்கோ பொது நூலகத்துக்கோ தீர்வை இல்லாமல் தானமாகக் கொடுக்க வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலேயே இடம் இருக்கிறது. உங்கள் கன்சல்டன்ட்டிடம் கேளுங்கள். இன்னொரு பக்கம், பழைய லேப்டாப்புக்கு ஒரு மதிப்புப் போட்டு சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) கணக்கில் காட்ட ஆசைப்படாதீர்கள். பொருளாகக் கொடுத்ததைப் பணமாக மதிப்பிட்டு சிஎஸ்ஆர் செலவில் சேர்க்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அதே சிஎஸ்ஆர் பணத்தில் அறக்கட்டளைக்கு எஸ்எஸ்டியும் பேட்டரியும் வாங்க உதவுவது பற்றிப் பேசலாம்.

செத்ததை எங்கள் தலையில் கட்டாதீர்கள், இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். மதர்போர்டு போனது, திரை உடைந்தது, பேட்டரி உப்பியது எல்லாம் மின்கழிவு. 1,000 மின் சாதனமோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனம் 2022 மின்கழிவு விதிகளின்படி பெருநுகர்வோர். பதிவு பெற்றவர்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. ஸ்டோர் ரூமிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: ஓடுவது ஒரு பக்கம், ஓடாதது ஒரு பக்கம். ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. நாங்கள் கொடுத்தது இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடிச் செத்தபின் திருப்பிக் கொண்டுவந்தால், உங்கள் கழிவோடு சேர்த்து அனுப்பிவிடுவீர்களா என்பதையும் சொல்லுங்கள். அது எங்களுக்குப் பெரிய உதவி.

கடைசியாக, நேரம். லேப்டாப்பைப் பயனரிடமிருந்து வாங்கிய வாரத்திலேயே கொடுத்துவிட்டால் அது நல்ல லேப்டாப். அந்த அறையில் ஒன்றரை வருடம் சார்ஜ் இறங்கிப் புழுங்கிக் கிடந்தால் பேட்டரி போய்விடும், பாஸ்வேர்டு வைத்த ஆளும் போய்விடுவார். மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது உங்களில் பலர் எந்தப் பழைய லேப்டாப்களை மாற்றுவது என்று ரெஃப்ரெஷ் பட்டியல் போடுவீர்கள். அப்போதே எங்களுக்கு எத்தனை என்று பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். 22 வேண்டாம். உயிரோடு 8 வந்தால் போதும்.

டாடா ஏஸ் வாடகை எங்களுடையது. சார்ஜரை மட்டும் அந்தந்த லேப்டாப்போடு ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டெஸ்க்டாப் சப்போர்ட் ஆள்,
பெரும்பாக்கம்