கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையைக் காணவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டிலிருந்து வந்த கல்யாண வீடியோ ஓடவில்லை என்பதற்காக நல்ல ரீவியைக் கழித்துவிட வேண்டாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒருமுறை போட்டுவிடுங்கள். புதுக்குடியிருப்பில் ரீவி, ரேடியோ திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்துபோகிற காலத்தில்தான் இந்த வருத்தத்தோடு நிறைய ரீவிகள் என் மேசைக்கு வரும்.

போன மாதம் முள்ளியவளையிலிருந்து ஒரு அம்மா, ரீவியைப் படுக்கை விரிப்பால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தார். மகனுக்குக் கனடாவில் கல்யாணம். விசா கிடைக்காததால் இவர் போகவில்லை. “தம்பி, கெட்டிமேளம் கேக்குது, ஐயர் மந்திரம் சொல்லுறார், பிள்ளையைத்தான் காணேல்லை” என்றார். ரீவி விற்ற கடையில் கேட்டதற்கு, பனல், அதாவது திரை, போய்விட்டது, புதிது வாங்குங்கோ என்று அனுப்பியிருக்கிறார்கள். ரிமோட்டை அழுத்தினேன், மெனு பளிச்சென்று வந்தது. பனல் போன ரீவியில் மெனு எப்படித் தெரியும்?

பென்ட்ரைவை என் லப்டொப்பில் செருகி, வீ.எல்.சி. என்ற வீடியோ பார்க்கிற மென்பொருளில் வீடியோவைத் திறந்து, கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தினேன். உள்ளே இருப்பது என்னவென்று அதில் தெரியும். வீடியோவைச் சுருக்கி அடைக்கப் பல முறைகள் உண்டு, ரீவிக்கு அந்த முறை தெரிந்தால்தான் பிரித்துக் காட்டும். இதில் படம் எச்.265 முறை, அதுவும் 4கே என்ற மிக நுணுக்கமான படம். ஒலி சாதாரண ஏ.ஏ.சி. முறை. எச்.265 என்ற முறை வந்ததே 2013இல்தான். அம்மாவின் ரீவி, மீளக்குடியேறி வீட்டுக்குக் கரண்ட் எடுத்த கையோடு 2012இல் வாங்கியது. 2003இல் வந்த எச்.264 வரைதான் அதற்குத் தெரியும். ஒலி தெரிந்த முறையில் இருந்ததால் மேளம் மட்டும் கேட்டிருக்கிறது. இரவு முழுக்க லப்டொப்பை ஓடவிட்டு எச்.264க்கு மாற்றிக் கொடுத்தேன். காசும் வாங்கினேன், கரண்ட் பில் எனக்கும் வருகிறதுதானே.

“எம்.பி.4 தானே, எல்லா ரீவியிலும் ஓடும்” என்று பலர் வாதாடுவார்கள். எம்.பி.4, எம்.கே.வி. என்பதெல்லாம் வெளிப்பெட்டியின் பெயர். பால்மா ரின்னில் மிளகாய்த்தூள் வைத்திருக்கிற வீடுகள் நம்முடையவை. ரின்னின் பெயரை நம்பித் தேத்தண்ணி போட ஏலுமா? சினிமாப் படங்களில் இது மறுபக்கமாக நடக்கும். படம் ஓடும், சத்தம் வராது. ஒலி டி.ரி.எஸ். முறையில் இருந்தால் புது ரீவிகளிலேயே பல அதை எடுக்காது. அது சின்ன வேலை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் லப்டொப் இருந்தால் எதையும் மாற்றத் தேவையில்லை. ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் போதும். வீடியோவைப் பிரித்துக் காட்டுகிற வேலையை லப்டொப் பார்த்துக்கொள்ளும், ரீவி வெறும் திரைதான். சத்தம் லப்டொப்பிலேயே வந்துகொண்டிருந்தால் ஒலி வெளியீட்டில் ரீவியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். நீலத் தலை உள்ள பழைய வீ.ஜி.ஏ. வயரில் சத்தம் போகாது. ஸ்மார்ட் ரீவிக்கு லப்டொப்பிலிருந்து வைஃபையால் அனுப்பினால் டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். இரண்டும் ஒரே ரௌட்டரில் இருந்தால் வீடியோ வீட்டுக்குள்ளேயேதான் போகும், டேட்டா குறையாது. ஆனால் வீடியோவை அப்படியே அனுப்பும்போது அதைப் பிரிக்க வேண்டியது ரீவிதான், ஆகவே தெரியாத முறை என்றால் அப்போதும் ஓடாது.

இது புதுத் தலையிடியும் அல்ல. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு கனடாவிலிருந்து வந்த கசெற்றுகளை, ஜெனரேற்றரில் ஓடிய நம் டெக்கில் போட்டபோது படம் கறுப்பு வெள்ளையாக உருண்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ரீவிப் படத்துக்கு என்.ரி.எஸ்.சி. என்ற முறை, இங்கே பி.ஏ.எல். என்ற வேறு முறை. அப்போதும் டெக்கைத்தான் திட்டினோம்.

ஸ்ரூடியோக்காரரிடம் ஒன்று கேட்கிறேன், கிளிநொச்சியில் இருப்பவரானாலும் ரொறன்ரோவில் இருப்பவரானாலும் சரி. 4கே கொடுங்கள், அது உங்கள் தொழில் பெருமை. அதோடு ரீவிக்கென்று இன்னொரு பிரதியும் கொடுங்கள்: படம் 4கேயைவிடச் சிறிய 1080 அளவு, எச்.264, ஒலி ஏ.ஏ.சி. ஒவ்வொரு துண்டும் 4 ஜி.பி.க்குள் இருக்கட்டும். கடையில் வாங்குகிற 32 ஜி.பி. பென்ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபற்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கிற முறையில்தான் வருகின்றன. ட்ரைவ் முழுக்க வெறுமையாக இருந்தாலும் 4 ஜி.பி.யைவிடப் பெரிய கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபற் என்ற புதிய முறைக்கு மாற்றினால் ஏறும், ஆனால் பழைய ரீவிகள் சில அந்த ட்ரைவையே காணாது. வெளிநாட்டில் கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளைகளும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரீவி திருத்துநர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு.