கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமலிருந்தது சோம்பலால் இல்லை. "முப்பது வருஷம் லேபர் வார்டில் நின்றது போதாதா, ரிட்டயரானபிறகு பிரசவத்துக்குத் துணை நிற்கிறேன், டூலா கீலா என்று ஏன் அலைகிறாய்? வசதியானவர்கள் காசு கொடுத்துக் கையைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்கிற சமாச்சாரம்தானே அது?" என்று கேட்டிருந்தாய் பார், அதுதான் காரணம். படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போகாதே.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் துணைக்கு நின்ற ஒரு பெண், தலைப்பிரசவம். நல்லபடியாகப் பெற்று வீட்டுக்கும் போய்விட்டாள். ஆறாம் நாள் போன் பண்ணினேன். "ஒன்றுமில்லை அக்கா, தூக்கமில்லை, அதான் தலைவலி" என்றாள். அந்த வாரத்தில் யார்தான் தூங்குகிறார்கள்? வைத்துவிடப் போனேன். ஆனால் குரல் என்னவோ சரியாகப் படவில்லை. "லைட்டைப் பார்த்தால் கண் கூசுகிறதா?" என்றேன். "கூசவில்லை, லைட்டைச் சுற்றிப் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது" என்றாள். உடனே கிளம்பு என்றேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். "தலைவலி" என்றாள் பாவம். மாத்திரை எழுதி, காலையில் ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், வெறும் தலைவலிக்கு அவன் வேறென்ன எழுதுவான்? நான் குனிந்து, "பிரசவமாகி ஆறு நாள். தலைவலியோடு பார்வையும் தடுமாறுகிறது. இப்பவே பிபி பார்க்கணும்" என்றேன். பார்த்தார்கள். 170/110. அதற்குப் பிறகு யாரும் நிற்கவில்லை. வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போட்டார்கள். நாலு நாளில் வீடு திரும்பினாள்.

குழந்தை பிறந்துவிட்டால் பிபி தொல்லை தீர்ந்தது என்றுதான் வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆறு வாரம் வரை அது தலைதூக்கலாம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான் அன்று பிபி பார்க்கவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. துணையாக நிற்கிறவள் அதையெல்லாம் செய்யவும் கூடாது. தலைவலி என்ற ஒரு சொல்லை, டாக்டர் காதில் விழுகிற மாதிரி மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரிஃப்ரெஷர் கோர்ஸில் 'மூன்று தாமதம்' என்று ஒன்று நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994ல் எழுதியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேர்வதில் ஒரு தாமதம், சேர்ந்தபிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். நடுவில் இருப்பதற்கு ரோடும் ஆம்புலன்ஸும் போடலாம். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ரோடு போட முடியுமா? போன தடவை திட்டு வாங்கினவள் இந்தத் தடவை வலி முற்றுகிற வரைக்கும் வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வார்டில் பேசுகிற பாஷை புரியாதவள், என்ன ஊசி என்றுகூடக் கேட்க மாட்டாள். அவளைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தூரம்தான்.

திட்டியது யார் என்று கேட்கிறாயா? நான்தான். எட்டுக் கட்டில், இரண்டு பேர் டூட்டி, கேஸ் ஷீட் ஒரு பக்கம் மலையாய்க் கிடக்கும். "கத்தாதே" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போடக்கூடாது, தரை துடைக்க இடைஞ்சல் என்று சண்டை போட்டதும் நான்தான். இன்றைக்கு அதே ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பை அழுத்திவிடும்போதுதான் தெரிகிறது, வார்டு அங்கிருந்து வேறு மாதிரி இருக்கிறது. வலி வருகிறவள் கண்ணெல்லாம் கதவு மேல்தான். அடுத்து யார் வருவார்கள், என்ன செய்வார்கள் என்று.

கையைப் பிடித்தால் என்ன ஆகிவிடும் என்கிறாயே, அதற்கும் கணக்கு இருக்கிறது. 1980ல் கென்னல், கிளவுஸ் என்ற டாக்டர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் குவாத்தமாலாவில் செய்த ஆய்வு வந்தது. தனியாக இருந்தவர்களுக்குப் பிரசவமாக 19.3 மணி நேரம், முன்பின் தெரியாத ஒரு பெண் கூடவே இருந்தவர்களுக்கு 8.7. மிகச் சின்ன ஆய்வு, அதை வைத்துக்கொண்டு குதிக்க வேண்டாம். 2017ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் குழு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 15,000க்கும் மேல் பெண்கள். அந்தப் பத்து மணி நேர வித்தியாசம் நாற்பது நிமிஷமாகச் சுருங்கிவிட்டது! ஆனால் சிசேரியன் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பிரசவம் கசப்பான நினைவாகிப் போனது என்று சொன்னவர்களும் குறைவு. மருந்தென்று எதுவும் இல்லாமல் இவ்வளவு. உலக சுகாதார நிறுவனமும் 2018ல், பெண் தானே தேர்ந்தெடுக்கிற துணை பிரசவம் முழுக்க இருக்கட்டும் என்று பரிந்துரைத்துவிட்டது.

எனக்குப் பயமும் உண்டு. ஆள் பற்றாக்குறையை மூடி மறைக்க எங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்களோ என்று. 2023ல் மட்டும் உலகத்தில் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் செத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு 700க்கும் மேல். அதில் பெரிய காரணம் உதிரப்போக்கு. பேட் எவ்வளவு வேகமாக நனைகிறது என்று பார்த்து நான் ஓடிப்போய்க் கூப்பிடலாம். ஆனால் உதிரப்போக்கை நிறுத்துகிற ஆக்ஸிடோசின் மருந்தைப் போடவும் கர்ப்பப்பையை அழுத்திப் பிடிக்கவும் படித்த மருத்துவச்சியோ நர்ஸோ டாக்டரோ அங்கே இருக்க வேண்டும். கூப்பிட்டால் வர ஆளில்லாத இடத்தில் என் ஸ்டூலால் பிரயோஜனம் இல்லை.

டூலா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் என்ன பொருள் தெரியுமா? அடிமைப் பெண். டானா ரஃபேல் என்ற மானுடவியலாளர்தான் அதைத் தாய்க்குத் துணை நிற்பவள் என்ற அர்த்தத்தில் புழங்கவிட்டார். எனக்கு வாய் கூசுகிறது, பிரசவத் துணை என்றே சொல்கிறேன். ஆனால் கூலி விஷயத்தில் பல பேர் பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! "சேவைதானே" என்கிறார்கள். விடிய விடிய கண் விழிக்கிறவளுக்கு வயிறு இல்லையா? நீ சொன்ன 'வசதியானவர்கள் சமாச்சாரம்' இங்கேதான் நிஜமாகிறது. பெறுகிறவளே கையிலிருந்து கொடுக்க வேண்டுமென்றால், கொடுக்க முடிந்தவளுக்குத்தான் துணை. அமெரிக்காவில் ஓரிகன், மின்னசோட்டா மாநிலங்கள் முதலில் இதை உணர்ந்து, ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டிலிருந்தே கொடுக்க ஆரம்பித்தன. அங்கேயும் ஆரம்பத்தில் கூலி சொற்பம், படிவமோ கட்டுக் கட்டாய். இருந்தாலும் வழி அதுதான் என்று படுகிறது.

உன் மருமகளுக்கு ஏழாம் மாதம் என்றாயே. பெறப்போகிற ஆஸ்பத்திரியில் இப்போதே போய்க் கேள்: துணைக்கு ஒரு ஆளை விடுவார்களா, ராத்திரியிலும் விடுவார்களா, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் அந்த ஆள் எங்கே நிற்கலாம்? வலி வந்தபிறகு வாசலில் நின்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. யார் உள்ளே வர வேண்டும் என்று அவளையே கேள். நீதான் போவதென்று மனசுக்குள் முடிவுகட்டியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? புருஷன் வரட்டும் என்றாலும், அம்மா வரட்டும் என்றாலும், யாரோ ஒரு வெளியாள் வரட்டும் என்றாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

உன்
பழைய ஹாஸ்டல் ரூம்மேட்