சுளகில் காய்ந்த ஆர்மோனியம்

கண்டாவளைச் சனத்துக்கும், தூரத்திலிருந்து கைகொடுத்த இசைக் கூட்டாளிகளுக்கும்,

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அதே தண்ணீரில்தான் நின்றோம். நான் இசையமைக்கும் தொலைக்காட்சித் தொடரின் அடுத்த பாகத்துக்கான பின்னணி இசையை இன்று காலைதான் அனுப்பி முடித்தேன். கை இன்னும் நடுங்குகிறது. அது அடங்கமுன் இதை எழுதிவிட வேண்டும்.

கீபோட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த பெடியள், நனைந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பாதியையாவது மீட்டுத் தந்த வவுனியாத் தம்பி, தொலைந்த வயலின் பகுதிகளைக் காசு வாங்காமல் திரும்ப வாசித்து அனுப்பிய யாழ்ப்பாணத்து நண்பர்கள், நான்கு நாள் தவணை தந்த இயக்குநர், பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்ட அக்காமார், எல்லோருக்கும் நன்றி.

பக்கத்து வளவு ஆச்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

ஆர்மோனியத்தை நான் கைவிட்டிருந்தேன். 42 கட்டை, இரட்டை ரீட்: கட்டைக்கு இரண்டாக, சத்தம் எழுப்பும் உலோக நாக்குகள். துருத்தி ஒட்டு விட்டு, உள்ளெல்லாம் சேறு. குப்பையோடு குப்பையாகப் படலையடியில் வைத்துவிட்டு முகாமுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த முறை வந்து பார்த்தால் ஆச்சியின் விறாந்தையில் இரண்டு சுளகு. முன்வரிசை ரீட்டுகள் ஒன்றில், பின்வரிசை மற்றதில், 84உம் கழற்றிய ஒழுங்கிலேயே. பேரனைக் கொண்டு ஸ்குரூ ஆணிகளைக் கழற்றுவித்து, பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறார். "பெட்டியை வெயிலில வைக்கேல்லை மோனை, மரம் வெடிச்சிடும்" என்றார். அவருடைய மனுசன் காத்தவராயன் கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர்.

அந்த வீட்டோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. யுத்த நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அவர்கள் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் கசெட் கேட்போம். மிதிகட்டையைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் பாட்டின் சுருதி இறங்கும், உடனே உள்ளேயிருந்து ஆச்சியின் மனுசன் அதட்டுவார். சுருதி என்றால் என்னவென்று எனக்கு முதலில் விளங்கியது அப்படித்தான்.

பிறகு கோயில் திருவிழா, கல்யாண வீடு, கொழும்பில் விளம்பர இசை, கடைசியில் தொலைக்காட்சித் தொடர்கள். செக்கனுக்கு 25 சட்டகம் ஓடுகிற படத்தில், பாத்திரம் திரும்பிப் பார்க்கும் அந்தச் சட்டகத்தில் தாளம் விழ வேண்டும். பின்னேரம் காட்சி வரும், விடியமுன் இசை போக வேண்டும். பெயர் ஓடும் நேரத்தில் சனம் தேத்தண்ணி போட எழும்பிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான்.

ரீட்டுகளைத் திரும்பப் பூட்டி, துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டி, முதன்முதலாக ஒரு 'ஸா' பிடித்தபோது ஆச்சி பக்கத்தில் இருந்தார். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் ஆச்சி என்று கேட்டேன்.

"ஒண்டும் வேண்டாம். நாடகத்தில ஆக்கள் கதைக்கேக்க உன்ர மியூசிக்கைக் கொஞ்சம் குறை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கிறதில்லை."

இன்று அனுப்பிய பாகத்தில் வசனம் வரும் இடமெல்லாம் 3 டெசிபல் குறைத்திருக்கிறேன், ஆச்சி. போதாவிட்டால் சொல்லுங்கோ.